கிராணி கையால் ஒரு சோதனை

தம்பின் டவுனில் கணினி பழுது பார்க்கும் டெரன்ஸுக்கு மனிதர்கள்மேல் மரியாதை கிடையாது. இருபது வருடமாக அவர்களுடைய கணினிகளைத் திறந்து பார்த்தவனுக்கு அது மிஞ்சாது.

அவன் பிறந்த எஸ்டேட்டை வீடமைப்புக் கம்பெனிக்கு விற்கப்போகிறார்கள். ஓய்வு பெற்ற தொழிலாளர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர் எத்தனை வருடம் உழைத்தார்கள் என்ற பதிவு ஆபீஸ் கணினியில் மட்டும் இருந்தது. பழைய பேரேடுகளைக் கறையான் தின்றுவிட்டது. பதிவில் பெயர் இருந்தால் ஈடாக ஒரு வீடு, இல்லாவிட்டால் தெரு. முப்பத்தோரு வருடம் செம்பனை உதிரிப்பழம் பொறுக்கிய அவன் அம்மா ஏஞ்சலாவும் அந்தப் பதிவில்தான் இருந்தாள்.

சிரம்பானிலிருந்து டை கட்டிய ஒருவன் ஆன்டிவைரஸ் விற்க வந்தான். அதை ஆபீஸ் கணினியில் ஏற்றி, தானே கொண்டுவந்த ஒரு ஃபைலைப் போட்டான். எச்சரிக்கை வந்து திரை சிவந்தது. மேனேஜர் ரவிச்சந்திரன் கைதட்டினார்.

"அது வைரஸே இல்ல சார். காட்டுறதுக்குன்னே செஞ்சது. ஓசில கெடைக்கிறதுகூட அத புடிச்சிரும்," என்றான் ஆபீஸ் கணினியைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த டெரன்ஸ்.

"புடிச்சிச்சா இல்லையா?"

"கேள்வித்தாளையும் பதிலையும் அவனே கொண்டாந்திருக்கான். ஃபெயிலா ஆவான்?"

மறுநாள் டெரன்ஸ் ஒரு பழைய கணினியைக் கொண்டுவந்தான். பதிவுகளை அதில் நகலெடுத்து, இணைய வயரைப் பிடுங்கிவிட்டு, அதே ஆன்டிவைரஸை ஏற்றினான். வாடிக்கையாளர்களின் கணினிகளிலிருந்து வருடக்கணக்காகச் சேர்த்துவைத்த நிஜ வைரஸ்களை ஒவ்வொன்றாக விட்டான். இருபதில் பதினெட்டைப் பிடித்தது. மோசமில்லை. ஆனால் எந்த வைரஸும் எஸ்டேட்டுக்குள் தானாக நடந்து வராது. பிடிபட்டதில் ஒன்றை, செம்பனை எண்ணெய் மில்லின் எடைக்கணக்கோடு ஒரு பென்டிரைவில் போட்டு, ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி கணேசமூர்த்தியைக் கூப்பிட்டான்.

"தெனமும் மில்லு பென்டிரைவ எப்படிப் போடுவீங்களோ, அப்படியே போடுங்கண்ணே."

கணேசமூர்த்தி நாற்காலியில் அமர்ந்தார். முதல் வேலையாகத் திரையின் மூலைக்குப் போய் ஆன்டிவைரஸை நிறுத்தினார். பிறகு பென்டிரைவைச் செருகினார்.

"அத ஏன் நிறுத்துனீங்க?"

"அது ஓடுனா மில்லு ஃபைல தொறக்க விடாது தம்பி. ரொம்ப ஸ்லோ லா. பழைய ஆன்டிவைரஸையும் அஞ்சு வருசமா இப்படித்தான் நிறுத்துறேன்." ஏதோ தொழில் ரகசியத்தைச் சொல்லிக்கொடுக்கும் பெருமை அவர் முகத்தில்.

பத்து நிமிடத்தில் நூற்றுப் பன்னிரண்டு பேரும் திறக்க முடியாத குப்பையானார்கள்.

"இது நகல்தானே தம்பி?" கிராணியின் குரல் இறங்கியது.

"மெஷின் நகல்தான். நீங்க அசல்."

டெரன்ஸ் நடந்ததைச் சொல்ல, ரவிச்சந்திரன் கடைசிவரை கேட்டார். "அப்ப சாஃப்ட்வேர் மேல தப்பில்ல. வாங்கிரலாம்." டை கட்டியவனின் தாளில் கையெழுத்துப் போட்டார்.

"அசல் மெஷின்ல இருக்கிறத பிரிண்ட் எடுத்துக் குடுங்க சார். எல்லாத்துலயும் ஆபீஸ் சாப் குத்தி."

"பேப்பரா? எந்தக் காலத்துல இருக்கீங்க?"

டெரன்ஸ் அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டான். தாள் இரண்டு முறை சிக்கியது. மேனேஜர் மணியைப் பார்த்துப் பார்த்து முத்திரை குத்தினார். ஏஞ்சலாவின் தாள் நாற்பத்தேழாவதாக வந்தது.

"அம்மாவோடது வந்திருச்சில்ல? மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கலாம் லா," என்றார் கிராணி, எழுந்தபடி.

டெரன்ஸ் அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. நாற்பத்தெட்டாவது தாளுக்குக் கையை நீட்டினான்.