இடுக்கு விடாமல் அடித்த பலகைகள்

எங்கள் பக்கம் கிணற்றில் குதித்து நீந்தியவர்கள் நிறையப் பேர். வீட்டுக்குப் பின்னால் நீச்சல் குளம் கட்டியவர் என்று ஒருத்தரும் கிடையாது. தொண்ணூறுகளின் நடுவில் கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் நாங்கள் கட்டினோம். பகட்டுக்காக அல்ல. விசைத்தறிக் குடோனில் நின்றுகொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு, நாற்பத்தெட்டு வயதில், வலது பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன. ஆர்.எஸ்.புரத்து டாக்டர், "தரையில நடக்க முடியாதவங்க தண்ணியில நடப்பாங்க. தினமும் நெஞ்சளவு தண்ணியில நடக்க விடுங்க" என்று சொல்லி அனுப்பினார்.

எங்கள் கிணறு அறுபதடி ஆழம். அதில் அவரை எப்படி இறக்குவது? கொழுந்தனார் கூடவே நின்று வீட்டுக்குப் பின்னால் தொட்டி கட்டினார். நீல ஓடு, இறங்கப் படி, பிடித்துக்கொள்ளக் குழாய். வேடிக்கை பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர், "ஏனுங்க, எருமை குளிப்பாட்டறதுக்குங்களா?" என்று கேட்டார். எனக்குச் சிரிக்கிற நிலைமை இல்லை. காப்பி கொடுக்காமல் அனுப்பிவிட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு ஒரே குறிதான். தை மாதத்தில் எங்கள் ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணைப் பெற்றவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து, பெண் கையை மாப்பிள்ளை கையில் வைத்து, தண்ணீர் விட்டுத் தாரை வார்க்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே வார்க்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்த அந்த நாட்களில், அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

"நின்னுட்டுத்தான் வாப்பேன். உக்காந்துட்டு எம்புள்ளையக் குடுக்க மாட்டேன்."

குளத்தைச் சுற்றிப் பூசியிருந்த சிமெண்டுத் தரை, ஈரம் பட்டால் வழுக்கியது. ஒரு தடவை கைத்தடி சறுக்கி, நல்லவேளை, என் மேல் சாய்ந்தார். கொழுந்தனார் கோயமுத்தூரில் ஏதோ ஓட்டலில் பார்த்துவிட்டு வந்து, மரத்தளம் போட்டால் கால் பிடிக்கும் என்றார். பின்வாசல் படிக்குச் சமமாக, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம்.

எங்கள் வீட்டுக் கதவு, வாசல் நிலை எல்லாம் செய்த ஆசாரியையே கூப்பிட்டோம். என் வயதுக்காரர்தான், அதிகம் பேசாதவர். செங்கல் வைத்து, மேலே கட்டை போட்டு, அதன் மேல் வாகைப் பலகைகளை ஆணி வைத்து அடித்தார். இரண்டாம் நாள் நான் போய்ப் பார்த்தபோது பாதி முடிந்திருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒவ்வொரு பலகைக்கும் நடுவில் சுண்டுவிரல் கனத்துக்கு இடுக்கு.

"என்னங்க ஆசாரி, கைக்கு வந்ததச் செஞ்சு வெச்சிருக்கீங்க?"

"இல்லீங்க அம்மணி. வேணும்னுதான் உட்டிருக்கறனுங்க. மரம் தண்ணி குடிச்சா ஊதுமுங்க. ஊதறதுக்கு எடம் வேணுமுங்க. கெணத்து மேல பலகை போடறப்பவும் இப்பிடித்தானுங்க."

எங்கள் ஊரில் ஒரு வேலையின் தரத்தைப் பார்ப்பது இடுக்கை வைத்துத்தான். கதவுப் பலகைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால், 'இவன் எல்லாம் ஒரு ஆசாரியா' என்பார்கள். அதோடு, முந்தின வாரம் செங்கல் அடுக்கில் முழ நீளத்துக்குப் பாம்புச்சட்டை கிடந்தது. தளத்துக்கு அடியில் இருட்டு, பக்கத்தில் தண்ணீர், மேலே நடக்கத் தடுமாறுகிற மனிதர். கைத்தடி நுனி இடுக்கில் மாட்டினால்? உள்ளே இருந்து ஒன்று தலை நீட்டினால்? ஓடவா முடியும் அவரால்?

"ஒரு சீப்புப் பல்லு உள்ள போகக்கூடாதுங்க. பிரிச்சு நெருக்கி அடிங்க. பக்கமும் பலகை வெச்சு அடைச்சுப்போடுங்க" என்றேன்.

பக்கத்தில் நாற்காலியில் இருந்த என் வீட்டுக்காரர் நல்ல கையைத் தூக்கினார். "அவன் சொல்றதக் கேளு" என்று சொல்லி முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது.

"நீங்க சும்மா இருங்க" என்று ஒரே வார்த்தையில் அடக்கினேன். நோய் வந்த மனிதரின் பேச்சு வீட்டில் எவ்வளவு சீக்கிரம் எடுபடாமல் போகிறது என்பதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ஆசாரி என்னை ஒரு தரம் பார்த்தார். ஆணிகளைப் பிடுங்கினார். பலகைக்குப் பலகை கொட்டாப்புளிச் சுத்தியலால் தட்டித் தட்டி நெருக்கினார். முடிந்ததும் நான் சீப்பை எடுத்து வந்து வைத்துப் பார்த்தேன். நுழையவில்லை. வந்தவர்களிடம் எல்லாம் பெருமையாகக் காட்டினேன்.

ஆடியிலிருந்து அவர் தண்ணீரில் நடந்தார். ஆவணி முடிவில் தளத்தின் மேல் தடியோடு நாலு எட்டு, புரட்டாசியில் பத்து எட்டு. தினமும் குளித்துவிட்டு ஏறியதும், நாங்கள் இரண்டு பேரும் தளத்தின் நடுவில் நின்று, பித்தளைச் சொம்பைச் சேர்ந்து பிடித்துத் தண்ணீர் வார்த்துப் பழகுவோம். அவர் இடது கை, என் இரண்டு கை. மகள் கூச்சத்தோடு எதிரே கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். ஒரு நாள் சொம்பு காலியாகும் வரை அவர் தடி இல்லாமல் நின்றார். அன்றைக்கு நான் அழுதேன். என் கல்யாணத்தன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. எட்டு நாள் விடவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் பார்த்தபோது, நடுவில் இரண்டு பலகைகள் அப்பளம் மாதிரி எழும்பி நின்றன. ஆசாரியைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் அவர் சொன்னதுதான் சரி என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். வெயில் வந்தால் படிந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அம்மிக் குழவியைத் தூக்கி வந்து அதன் மேல் வைத்தேன். அவரிடம், மழை நிற்கும் வரை தளத்துக்குப் போக வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை.

எட்டு நாள் பழகாமல் கிடந்த மனிதர். தைக்கு நாள் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் விடிந்தும் விடியாமல், நான் பால் வாங்கப் போன நேரத்தில், தானே எழுந்து போயிருக்கிறார். குழவிக்குப் பக்கத்தில் எழும்பியிருந்த பலகை விளிம்பில் கால் விரல் தட்டி விழுந்தார். இடுப்பு எலும்பு உடைந்தது, ஏற்கெனவே விழுந்திருந்த அதே வலது பக்கம். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் வைத்திருந்தார்கள். இனி நடக்க மாட்டார் என்று சொல்லி அனுப்பினார்கள்.

என் தம்பி இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஆசாரி வீட்டு வாசலுக்கே போய்க் கத்திவிட்டு வந்தான். கட்டிலில் கிடந்தவரின் முன்னாலேயே நின்று சொன்னான்:

"ஒரு வார்த்தை எதுத்துப் பேசலீங்கக்கா. பொண்டாட்டி புள்ளைங்க முன்னால தலையக் குனிஞ்சுட்டு நின்னான். தப்புச் செஞ்சவன், வேறென்ன பண்ணுவான்?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் மருந்துப் பாட்டிலைத் தேடுவது போல எழுந்து போனேன். நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. அதற்குப் பிறகு ஊரில் யாரும் அந்த ஆசாரியை வேலைக்குக் கூப்பிடவில்லை. அவர் காலையில் பஸ் ஏறித் திருப்பூர்ப் பக்கம் கூலிக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன். தளத்தைப் பிரித்து வெந்நீர் அடுப்புக்குப் போட்டோம். மகளின் கல்யாணத்துக்கு வந்த சொந்தங்கள் குளித்த தண்ணீரெல்லாம் அந்தப் பலகைகளில்தான் காய்ந்தது.

தையில் மண்டபத்தில் முகூர்த்தம். என் வீட்டுக்காரர் வரமாட்டேன் என்றுவிட்டார். அவர் பக்கத்தில் இல்லாமல் நான் தனியாக நிற்க முடியாது. கொழுந்தனாரும் அவர் வீட்டம்மாவும் தாரை வார்த்தார்கள். நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தேன். பெற்ற பெண்ணுக்கு விருந்தாளி மாதிரி.

மதியம் வீட்டுக்கு வந்தேன். துணைக்கு வைத்திருந்த பக்கத்து வீட்டு அம்மாள் சமையலறையில் இருந்தார். என் வீட்டுக்காரர் கட்டிலில், தலையணையில் சாய்ந்து கிடந்தார். காலையில் நான் பழைய வேட்டியோடு விட்டுப் போனவர், பீரோவில் இருந்த கல்யாணத்துக்கு எடுத்த பட்டுக்கரை வேட்டியில் இருந்தார். கட்டிலடியில் தரை ஈரமாக இருந்தது.

"ஆசாரிக்குப் பத்திரிக்கை வெச்சியா?" என்று கேட்டார்.

விழுந்ததிலிருந்து அந்தப் பேரை அவர் எடுத்ததே இல்லை. நான் யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது.

"வெச்சேனுங்க. வந்து சாப்புட்டுப்போட்டுத்தான் போனாருங்க."

 அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"இங்கதான் இருந்தான். நீங்கெல்லாம் போனதும் வந்தான். வேட்டி கட்டி உட்டான். முகூர்த்த நேரத்துக்கு... கக்கத்துல கை குடுத்துத் தூக்கிப் புடிச்சான். நின்னேன்."

கட்டிலுக்கு அந்தப் பக்கம் பித்தளைச் சொம்பு இருந்தது. காலியாக.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் இருந்தார். அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஆசாரி வீட்டுக்குப் போக வேண்டும் என்று எத்தனையோ தடவை செருப்பை மாட்டியிருக்கிறேன். வாசல் கேட்டுவரை போய்த் திரும்பியிருக்கிறேன். என் தம்பி இன்றைக்கும், அந்த ஆசாரியால்தான் மச்சானுக்கு அந்தக் கதி என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.