பதின்மூன்று பேர், ஒரு அட்டை

ஒருவர் மட்டும் எழுதிய புத்தகத்தைப் போட்டால் ஒருவரிடம்தான் திட்டு வாங்கலாம். தொகுப்பு நூல் போட்டால் உள்ளடக்கத்தில் எத்தனை பெயரோ அத்தனை பேரிடமும் வாங்க வேண்டும். பதுளை பஜாரில் ஒரு சின்ன அச்சகத்தில் பக்கம் அமைக்கிற வேலை எனக்கு. ஆய்வுக் கோவை, பாராட்டு மலர், சிறுகதைத் தொகுப்பு என்று பலர் சேர்ந்து எழுதுகிற எதுவும் என் தலையில்தான் விடியும். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறி, "எனக்கு மட்டும் அப்பளம் வரல" என்ற குரல் கேட்டு நொந்தவர்கள் எல்லாரும் என் இனம். வாருங்கள், சேர்ந்தே புலம்புவோம்.

அடியில் இருக்கிறது விசயம்

யாழ்ப்பாணத்துக்காரரான ஒரு விரிவுரையாளர் தேயிலைத் தோட்டங்களின் பழைய குறுக்குப் பாதைகளைப் பற்றி ஆய்வுக் கோவைக்கு எழுதியிருந்தார். பக்கத்தின் தலையில் இரண்டு வரி கட்டுரை, மிச்சமெல்லாம் அடிக்குறிப்பு. ஒரு பக்கத்தில் அந்த இரண்டு வரியும் இல்லை. குறிப்புகளை எல்லாம் கட்டுரையின் கடைசியில் வைக்கலாமா என்று பயந்து பயந்து கேட்டேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தம்பி, மேல கிடக்கிறது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம். கீழ கிடக்கிறதுதான் நான் தேடிப் பிடிச்சது. அதில கை வையாதையும்."

பாராட்டுக்குப் பத்துக்கு மூன்று

பண்டாரவளையில் ஓய்வு பெற்ற பாடசாலை அதிபர் ஒருவருக்குப் பழைய மாணவர்கள் பாராட்டு மலர் போட்டார்கள். பதினெட்டுக் கட்டுரை. பதினெட்டிலும் அவர் "கண்டிப்பானவர், ஆனால் பாசமானவர்". புரூஃபை அவரிடமே காட்டியது என் கெட்ட புத்தி. மறுநாள் எல்லாப் பக்கமும் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. ஒவ்வொரு கட்டுரைக்கும் புள்ளி வேறு போட்டிருந்தார். அவரைத் தெய்வம் என்று எழுதிய வங்கி மேலாளருக்குப் பத்துக்கு மூன்று. "உங்களப் புகழ்ந்துதானே சார் எழுதியிருக்காரு?" என்றேன்.

"புகழட்டும். முப்பது வருசமாச்சு, இன்னமும் ஒரு வாக்கியத்த ஆரம்பிச்சா முடிக்கத் தெரியல அவனுக்கு."

பெரட்டு வரிசை

சிறுகதைத் தொகுப்பைக் கொண்டுவந்த ராமையா, தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். யார் கதையை முதலில் வைப்பது என்று மற்றத் தொகுப்பாசிரியர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். இவருக்கு அந்தக் கவலையே இல்லை. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக் களத்துக்கு ஆட்கள் வந்து நிற்கிற வரிசைப்படி பெயர் போட்டுப் பழகிய மனுசன், கதைகளையும் கைக்கு வந்து சேர்ந்த வரிசையிலேயே அடுக்கிவிட்டார். பரிசெல்லாம் வாங்கிய எழுத்தாளர் ஒன்பதாவது இடத்தில் நின்றார். அவர் பெரிய ஆளாச்சே என்று இழுத்தேன்.

"பெரிய ஆளுன்னா வெள்ளன வந்திருக்கணும்."

மற்றும் பலர்

அதே தொகுப்பில் கடைசிக் கதை மடுல்சீமைச் செல்வராணியுடையது. கொழுந்து பறிக்கிறவர், எழுதிய முதல் கதை அது. மண் சரிந்து பஸ் நின்றதால் கதை பிந்தி வந்து பதின்மூன்றாவதாக விழுந்தது. அட்டையில் பன்னிரண்டு பெயர்தான் அழகாக நின்றது. வழக்கம்போல் யோசிக்காமல் கீழே "மற்றும் பலர்" என்று அடித்துவிட்டேன்.

அட்டை அச்சுக்குப் போகிற அன்று செல்வராணியே வந்து நின்றார். அட்டையில் தன் பெயர் வருகிறது என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லியிருந்தாராம். ஒருவரும் நம்பவில்லை, மாமியார் சிரிக்கவே சிரித்துவிட்டாராம். போனில் படம் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டத்தான் லீவு போட்டு வந்திருக்கிறார். கம்ப்யூட்டர் திரையில் விரல் வைத்து ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டே இறங்கி, கடைசி வரியில் நின்றார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

"பலருன்னு போட்டிருக்கீங்களே அண்ணே, அதுல என்னைய விட்டா வேற யாருங்க இருக்கா?"

அந்த வரியை அழித்தேன். அது இருந்த இடத்தில் "மடுல்சீமை செல்வராணி" தாராளமாக உட்கார்ந்தது. மூன்று படம் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

இப்போதெல்லாம் "மற்றும் பலர்" என்று அடிப்பதற்கு முன் தலையை எண்ணிக்கொள்கிறேன், உண்மையிலேயே பலராக இருந்தால் அத்தனை பேரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவார்களே என்ற பயம்தான்.