ரசத்துக்குப் பக்கத்தில் மீன் குழம்பு

அலமேலுவுக்கு முதலில் சரிந்தது வாயின் ஓரம். மயிலாப்பூர் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தவள், அதைப் புடவையில் வழியவிட்டபடி என்னைப் பார்த்தாள். அன்றே வலக் கையும் காலும் விழுந்துவிட்டன. பாரிசவாயு (உடம்பின் ஒரு பக்கம் செயலற்றுப் போவது) என்றார் டாக்டர்.

எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. அவளைத் தூக்கிப் புரட்ட என் ஒருவனால் ஆகவில்லை. நெடுநாள் நோயாளிகளைப் பராமரிக்கும் அடையாற்று இல்லம் ஒன்றில் சேர்த்தேன்.

அங்கே சோறு, குழம்பு, காய் எல்லாவற்றையும் ஒன்றாக மசித்து வைப்பார்கள். ஊட்டுவதற்கு ஆள் வருவதற்குள் ஆறி விறைத்துப் போகும். அலமேலு வாயை இறுக மூடிக்கொள்வாள்.

"விழுங்கற சக்தி இன்னும் இருக்கு. ஆனா சாப்பிட மாட்டேங்கறாங்களே. இப்படியே போனா மூக்கு வழியா குழாய் போடணும். உடம்பு தாங்காது," என்றார் டாக்டர்.

"ஒரு அடுப்பு வெச்சுக்க மட்டும் இடம் கொடுங்கோ," என்று கேட்டேன்.

பின்தாழ்வாரத்தில் கரி அடுப்பு மூட்டினேன். அதுவரை சமைத்தறியாதவன். சாதத்தைக் குழைய வடித்து, ரசத்தைத் தனியே வைத்தேன். நெய்யில் சீரகம் பொரிந்த வாசனைக்கு அவள் தலை திரும்பியது. கிண்ணத்தை வெந்நீரில் இறக்கி வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் படுத்திருந்தால், எல்லாவற்றையும் கலந்துவிடாதீர்கள். எது என்னவென்று நாக்குக்குத் தெரியட்டும்.

அடுத்த கட்டிலில் சவரியம்மாள், இடுப்பெலும்பு முறிந்த குப்பத்துப் பெண். மகள் மீன் விற்று முடித்துக் கொண்டுவரும் குழம்பு எப்போதும் ஜில்லிட்டிருக்கும்.

"ஐயரே, கோச்சிக்காதே. இத்தயும் கொஞ்சம் சூடு பண்ணிக் குடுக்கறியா?"

எனக்குக் கூசியது. வீட்டுக்குள் பூண்டைக்கூடச் சேர்க்காதவள் அலமேலு. அவளைப் பார்த்தேன்.

"பண்ணிக் குடுங்கோன்னா," என்றாள் குழறலாக. "பசிக்கறது அவளுக்கு."

முகத்தைத் திருப்பிக்கொண்டு கிளறினேன். சவரியம்மாள் தட்டை வழித்துத் தின்றாள். அதைப் பார்த்து அலமேலு சிரித்தாள்; பாதி முகம்தான் சிரித்தது. அன்று ரசம் சாதம் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டாள். அதன்பின் அந்த அடுப்பில் ரசத்துக்குப் பக்கத்தில் மீன் குழம்பும் கொதித்தது.

மார்கழியில் அவளுக்கு நிமோனியா (நுரையீரலில் சளி கட்டும் சுரம்) கண்டது.

"இனிமே ஊட்டாதீங்க. நுரையீரலுக்குள்ள போயிடும்," என்றார் டாக்டர்.

சூடான கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சவரியம்மாள் தன் தூக்கை மகளிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"அந்தம்மா துன்னாம கீது. எனக்கு இன்னாத்துக்குச் சோறு?"

மறுநாள் அலமேலு போய்விட்டாள்.

இப்போது எனக்கு நானே சமைத்துக்கொள்கிறேன். ஒரு வாய் போட்டதும் கை நின்றுவிடுகிறது. எதிரே ஒரு தொண்டை அசைவதற்காகக் கண் காத்திருக்கிறது. அவள் விழுங்க எடுத்துக்கொள்ளும் நேரம் கழிந்த பிறகுதான், என் கை அடுத்த வாய்க்கு எழும்புகிறது.