மூன்று மணித் தமிழ்ப் பாடம்

பேய், ஆவி, செத்தவர் குரல் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிற ஆள் நான். எங்கள் வீட்டில் அப்படித்தான் வளர்த்தார்கள். அப்பா ஒட்டன்சத்திரத்தில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார், செத்தவர்கள் கர்த்தரிடம் இருக்கிறார்கள், இருக்கிறவர்கள் அவரவர் சோலியைப் பார்க்கட்டும் என்பார், அதற்கு மேல் அந்தப் பேச்சுக்கு எங்கள் வீட்டில் இடமில்லை. இன்றைக்கும் நான் தனியாகத்தான் இருக்கிறேன், விளக்கை அணைத்துவிட்டுத்தான் தூங்குகிறேன். ஆனால் கொடைக்கானலில் ஒரு நாள் மத்தியானம் நடந்ததை மட்டும் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இதுவரை தெரியவில்லை. என் தங்கையிடம் சொன்னேன், "அக்கா, அன்னிக்கு ஒனக்குக் காய்ச்சலா இருந்திருக்கும்" என்றாள். நீங்களும் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை.

ஐம்பத்தெட்டோ ஐம்பத்தொன்பதோ, எனக்கு இருபத்தாறு வயது. கோடை வந்தால் கீழே ஊர் ஊராக ஊழியம் செய்கிற வெள்ளைக்கார மிஷனெரிக் குடும்பங்கள் எல்லாம் கொடைக்கானலுக்கு ஏறிவிடும். புதிதாக வந்தவர்கள் அங்கே தமிழ் படிக்க வேண்டும், படித்து மிஷன் வைக்கிற பரீட்சையில் தேற வேண்டும், தேறினால்தான் கிராமத்துக்கு அனுப்புவார்கள். பெண்களுக்குப் பாடம் சொல்ல ஒரு டீச்சர் தேவைப்பட்டதால் வருஷா வருஷம் நானும் ஏறுவேன். அந்த வருஷம் சீசன் முடிந்து எல்லோரும் இறங்கியும் ஒரு குடும்பம் மட்டும் தங்கிவிட்டது. ஆல்பர்ட் ஐயா, அவர் மனைவி எலின் அம்மா, நாலு வயது மகள் லிடியா. அந்த அம்மாவுக்குப் பாடம் சொல்ல நானும் இறங்காமல் இருந்துவிட்டேன். குழந்தைக்குக் கீழே வெயிலில் மூன்று தடவை சீதபேதி வந்து எலும்பும் தோலுமாக இருந்தது, உடம்பு தேறும்வரை மேலேயே வைத்திருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். லிடியாவுக்கு முன்னால் ஓர் ஆண் குழந்தை பிறந்து அதே சீதபேதியில் செத்து, கீழே மிஷன் வளாகத்தில் புதைத்திருந்தார்கள். எலின் அம்மா அதைப் பற்றிப் பேசியதே இல்லை. ஆனால் காலையில் எல்லோரும் நாற்காலியைப் பிடித்து முழங்காலில் நின்று ஜெபிக்கும்போது, பிள்ளைகளுக்காக ஜெபிக்கிற இடம் வந்ததும் அவர் குரல் சட்டென்று நின்றுவிடும். ஐயாதான் அந்த இடத்திலிருந்து எடுத்து முடிப்பார்.

ஆல்பர்ட் ஐயா வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் தமிழைக் கேட்டால் சிரிப்பு வரும், ஒட்டன்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்குகிறவர்களிடம் பழகிப் படித்த தமிழ். "என்னங்க டீச்சரம்மா, வெள்ளனே வந்துட்டீங்க?" என்று நம்மூர்க்காரர் மாதிரியே கேட்பார். எலின் அம்மாவுக்கு நேர்மாறு. என்னிடம் மூன்று வருஷம் படித்தும் மழைக்கும் மலைக்கும் வித்தியாசம் வாயில் வராது, "டீச்சர், மலை பெய்கிறது" என்பார். ரொட்டி சுடுவார், பேரிக்காய் ஜாம் கிண்டுவார், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஊருக்கு நீளநீளமாகக் கடிதம் எழுதுவார், எல்லாவற்றிலும் கெட்டிக்காரர், தமிழில் மட்டும் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் வியர்த்துவிடும். பரீட்சையில் இரண்டு தடவை தவறியிருந்தார். எனக்கு இந்த ஜனங்களோடு பேச வரம் கிடைக்கவில்லை என்று ஒரு நாள் அழுதார். வரமெல்லாம் இல்லை, நாக்கை மடிக்கணும், அவ்வளவுதான் என்றேன்.

ஐப்பசி மாதம். ஐயா பள்ளங்கிக்குக் கீழே இருக்கிற சின்னச் சின்ன ஊர்களுக்குப் பிரசங்கத்துக்குப் போயிருந்தார், கூட உபதேசியார் ஞானமுத்து. மிஷன் ஜீப் அவர்களை விட்டுவிட்டுத் திரும்பிவிட்டது, வியாழக்கிழமை போய்க் கூட்டி வர வேண்டும் என்று ஏற்பாடு. நான் சொல்வது செவ்வாய்க்கிழமை. மூன்று மணிக்குப் பாடம். கணப்பில் யூகலிப்டஸ் கட்டை எரிந்துகொண்டிருந்தது, லிடியா உள்ளறையில் தூங்கினாள், ஜன்னலுக்கு வெளியே மேகம் வந்து அடைத்து வேலிகூடத் தெரியவில்லை. மேஜைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் எலின் அம்மா. வினைச்சொற்களைக் கொடுத்து எழுதச் சொல்லியிருந்தேன். போகிறேன், போனேன், போவேன்.

எழுதிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே பேச ஆரம்பித்தார்.

"ஏப்பா, காலத் தொடாத. அப்படியே கெடக்கட்டும்."

நான் பார்த்தேன். குரல் அவர் குரல்தான், ஆம்பளைக் குரல் கீம்பளைக் குரல் ஒன்றும் இல்லை. ஆனால் இழுப்பும் நிறுத்தமும் அவருடையது இல்லை. எதிரில் ஒருவர் பதில் சொல்வதைக் கேட்கிற மாதிரி கொஞ்சம் இடைவெளி விட்டார். அப்புறம் மூச்சு வாங்க வாங்க, "பள்ளங்கிக்குக் கீழ, பூண்டுக்காட்டுக் குடிசையில கெடக்கேன். ஜீப்ப வெரசா அனுப்பச் சொல்லுங்க. அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க, பிள்ளைக்கு முடியல" என்றார்.

நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி, எனக்கு அப்போது வந்தது பயமில்லை, சந்தோஷம். 'கீழ' என்று சொன்னாரே, அந்த ழ அவ்வளவு சுத்தமாக விழுந்தது. மூன்று வருஷமாக வராத எழுத்து. ஐயா பேசுகிற மாதிரியே பேசிக்காட்டப் பழகி வைத்திருக்கிறார், என்னைச் சிரிக்க வைக்கிறார் என்றுதான் நினைத்தேன். அதனால்தான் அவர் கடைசியாக, "டீச்சரம்மா, கேக்குதுங்களா?" என்றதும் நானும் சிரித்துக்கொண்டே, "கேக்குது, கேக்குது" என்றேன்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. எலின் அம்மா எழுதிக்கொண்டே இருந்தார். ரொம்ப நன்றாகப் பேசினீர்களே அம்மா என்றேன். அவர் நிமிர்ந்து என்னை ஒரு மாதிரி பார்த்தார், முகம் வெளுத்திருந்தது, தலை வலிக்கிறது, இன்றைக்குப் போதும் என்று இங்கிலீஷில் சொன்னார். நான் நோட்டை மூடிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

வழியில் மிஷன் பங்களா வாசலில் டிரைவர் தாஸ் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் நின்றேன். மனசில் என்னமோ உறுத்தியது.

"ஐயா எங்கன இருக்காங்க தாஸ்?" என்று கேட்டேன்.

"பள்ளங்கிப் பக்கந்தான் டீச்சர். வியாழக்கிழம போயிக் கூட்டியாரணும். ஏன் கேக்குறீங்க?"

பள்ளங்கி. அம்மா வாயில் வந்த அதே ஊர். சொல்லியிருக்கலாம். ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வாங்க என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் என்னவென்று சொல்வது? அம்மா ஐயா மாதிரி பேசினாங்க, எனக்கு பயமா இருக்கு என்றா? வாத்தியார் மகள், பாடம் சொல்லித் தருகிறவள், மிஷன் ஆட்கள் எல்லாம் மதிக்கிறவள். அவர் சிரிப்பார், நாளைக்கு ஊரே சிரிக்கும். "சும்மாதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன்.

மறுநாள் புதன்கிழமை மத்தியானம் நாலு பேர் ஒரு கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கம்பளி போர்த்தியிருந்தது. ஐயா பாறை வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து ரத்தம் போய் இறந்திருக்கிறார். முந்தின நாள் சாயங்காலத்துக்குள் கொண்டு வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் எல்லோர் முன்னாலும் சொன்னார். எலின் அம்மா அழவில்லை. கம்பளியை விலக்கி அவர் தலைமுடியில் ஒட்டியிருந்த சேற்றை விரலால் எடுத்துக்கொண்டே இருந்தார். லிடியா உள்ளறையிலிருந்து அப்பா அப்பா என்று கூப்பிட்டது. யார் போவது என்று தெரியாமல் நாங்கள் எல்லோரும் நின்றோம். கடைசியில் அவரேதான் கையைக் கழுவிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை அடக்கம். முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு சமையற்கட்டுக்குப் பின்னால் ஞானமுத்து குத்த வைத்து உட்கார்ந்திருந்தார். காபி கொடுத்தேன், வாங்கிக் கீழே வைத்துவிட்டார். கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை. ஐயாவை ஒத்தையில் விட்டுவிட்டாவது ஆள் கூட்டி வரப் போகவில்லையா என்று கேட்டேன்.

"போகத்தான் டீச்சரம்மா கெளம்புனேன்" என்றார். "ஒத்த வேட்டியக் கிழிச்சுக் கட்டியும் ரத்தம் நிக்கல. பூண்டுக்காட்டுல காவக்குடிசை ஒண்ணு இருந்துச்சு, அதுல கெடத்துனேன். பள்ளங்கிக்கு ஓடிப்போயி ஆளக் கூட்டியாரேன்னு வாசல்ல கால வச்சுட்டேன். 'போகாதப்பா, சொல்லியாச்சு'ன்னாங்க. யார்கிட்ட சொன்னீங்க ஐயான்னு கேட்டேன். 'டீச்சரம்மாகிட்ட. கேக்குதுன்னு சொல்லிட்டாங்க. ஜீப் வந்துரும், நீ எங்கூடயே இரு'ன்னு கையப் புடிச்சுக்கிட்டாங்க. வலியில பெனாத்துறாங்கன்னுதான் நெனச்சேன். ஆனா புடிச்ச கைய உதறிட்டுப் போக மனசு வரலையே. இருட்டுற வரைக்கும், 'ஜீப் சத்தம் வருதா பாரு, ஜீப் சத்தம் வருதா பாரு'ன்னு இதே கேள்விதான். விடியறதுக்கு முந்தி உசுரு போயிருச்சு."

சொல்லியாச்சு என்று ஐயா சொன்னபோது மணி என்ன இருக்கும் என்று கேட்டேன். ஐயா கைக்கடிகாரத்தில் மூன்று தாண்டியிருந்தது என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "எந்த டீச்சரச் சொன்னாங்கன்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

தெரியாது என்று சொன்னேன். காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

பதினைந்து நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஜெபம் பண்ண உட்கார்ந்தால் வாயைத் திறக்கப் பயம், யாராவது பதில் சொல்லிவிடுவார்களோ என்று. எலின் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்புவதென்று முடிவானது. கப்பலேறுகிறவரிடம் சொல்லாமல் விட்டால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. கிளம்புவதற்கு முந்தின நாள் போனேன். அதே அறை. தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக் குழந்தையின் கம்பளிச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், இங்கிலீஷிலும் தமிழிலும் மாறி மாறி. அவர் பேசியது, நான் சிரித்தது, பதில் சொன்னது, தாஸிடம் சொல்லாமல் போனது, ஞானமுத்து சொன்னது, எதையும் விடவில்லை. அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தேன்.

அவர் மடிப்பதை நிறுத்தவில்லை. கையில் இருந்த சட்டையை மடித்து முடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, மெதுவாக இங்கிலீஷில் சொன்னார்:

"டீச்சர், அன்றைக்கு நான் பேசவே இல்லை. நீங்கள்தான் பேசினீர்கள்."

எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னார். அவர் வினைச்சொல் எழுதிக்கொண்டிருந்தாராம். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, கண் இமைக்காமல், வேகவேகமாகத் தமிழில் பேச ஆரம்பித்தேனாம். ஒரு வார்த்தைகூட அவருக்குப் பிடிபடவில்லையாம். நடுநடுவே நிறுத்தினேனாம், மூச்சு வாங்கினேனாம், கடைசியில் சிரித்துவிட்டு ஒரே வார்த்தையை இரண்டு தரம் சொன்னேனாம். பிறகு அவர் பக்கம் திரும்பி, ரொம்ப நன்றாகப் பேசினீர்கள் என்று அவரைப் பார்த்துச் சொன்னேனாம். அதில்தான் பயந்து தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

"என்ன சொன்னீர்கள் என்று கேட்க வெட்கமாக இருந்தது" என்றார். "எனக்குப் புரியாத பாடம், அவ்வளவுதான் என்று இருந்துவிட்டேன். எனக்குத் தமிழ் வந்திருந்தால் நான் ஓடியிருப்பேன்."

இதைச் சொல்லும்போதுதான் முதல் தடவையாக அழுதார். நான் போய்ப் பிடித்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் போய்விட்டார்கள், அதற்குப் பிறகு கடிதமும் இல்லை.

எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஒரு மேஜை, இரண்டு பேர், நடுவில் ஒரு விளக்குகூட மறைக்கவில்லை. அவர் உதடு அசைந்ததை நான் பார்த்தேன். கர்த்தர் மேல் ஆணையாகச் சொல்வேன், என் கண்ணால் பார்த்தேன். என் உதடு அசைந்ததை அவர் பார்த்திருக்கிறார். பொய் சொல்ல அவருக்கு என்ன தேவை, எனக்கு என்ன தேவை? இப்போதும் சில நாள் பேசிக்கொண்டே இருக்கும்போது எதிரில் இருக்கிறவர் முகம் லேசாக மாறினால் நான் உடனே நிறுத்திவிடுவேன். இப்போது பேசியது நான்தானே என்று அவர்களிடம் கேட்பேன். கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சிரிக்கிறார்கள். நீங்கள் சிரிக்க வேண்டாம், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.