கட்டுச்சோற்றோடு அம்மா வரவில்லை

முதல் பிள்ளையைச் சுமந்த அந்த மாதங்களில் பசியையும் வாந்தியையும்விட என்னை அதிகம் படுத்தியது வெட்கம்தான். பூண்டுலோயாவுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசையில் எங்களுக்கு ஒரே ஒரு காம்பரா, ஒற்றை அறை. நடுவில் சாக்குப் படுதா. படுதாவுக்கு இந்தப் பக்கம் நானும் என் வீட்டுக்காரரும். அந்தப் பக்கம் என் மாமியார்; அத்தை என்றுதான் கூப்பிடுவேன். வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் மாமனாரும் கொழுந்தனும். ஒருவர் இருமினால் ஐந்து பேருக்கும் தூக்கம் போய்விடும். அப்படிப்பட்ட வீட்டில் வயிறு மேடிட்டால் எந்த முகத்தோடு மாமனாருக்குத் தேத்தண்ணி கொடுப்பது? சுவரைப் பார்த்துக்கொண்டே நீட்டுவேன். அவரும் பாவம், கூரையைப் பார்த்துக்கொண்டே வாங்குவார். ஒருமுறை இரண்டு பேருமே பார்க்காததால் கோப்பை கீழே விழுந்து உடைந்தது.

பிள்ளை உண்டான பெண்களை ஏற்றமான மலைக்கு அனுப்ப மாட்டார்கள். லயத்துக்குப் பக்கத்திலேயே கொழுந்து எடுக்க விடுவார்கள். ஆனால் அதை நாமாகப் போய்க் கணக்கப்பிள்ளையிடம் சொல்ல வேண்டும். எனக்கு நாக்கு எழவில்லை. இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை மேலே ஏற்றிக் கட்டி, வயிற்றை மறைத்துக்கொண்டு மேட்டு மலைக்கே போய் வந்தேன். ஒரு மழை நாளில் கூடையோடு சறுக்கிக்கொண்டு போய்த் தேயிலை மரத்தைப் பிடித்து நின்றேன். விஷயம் அத்தை காதுக்கு எட்டியது. மறுநாள் காலையில், பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அத்தனை ஆளும் நிற்கும்போது அத்தை கணக்கப்பிள்ளை முன்னால் போய் நின்றார்.

"ஐயா, எங்க வீட்டு மருமக முழுகாம இருக்காளுங்க. இவ வாயத் தொறக்க மாட்டா. கீழ் மலையில போடுங்க. ரெண்டு உசுருங்க அது."

"அப்ப ரெண்டு கூடை குடுத்துருங்க ஐயா!" என்றான் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக்காரன் ஒருத்தன். களமே சிரித்தது. என் வீட்டுக்காரரும் அந்தக் கூட்டத்தில் தலையைக் குனிந்துகொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். அன்றைக்கு அவருக்கு ரொட்டியில் உப்புப் போடவில்லை.

வெட்கத்துக்கு அடியில் ஒரு பயமும் இருந்தது. எதிர் லயத்தில் என் வயதுப் பெண் ஒருத்தி தலைப்பிரசவத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டிருந்தாள். அவள் வீட்டு இஸ்தோப்பைத் தாண்டித்தான் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போக வேண்டும். தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக நடப்பேன். வலி வரும்போது அம்மா பக்கத்தில் இருந்தால் நான் பிழைத்துக்கொள்வேன் என்று மனதுக்குள் ஒரு முடிவு கட்டி வைத்திருந்தேன். மருத்துவச்சி, டாக்டர் ஐயா யார் மேலும் எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. அம்மா வேண்டும். அவ்வளவுதான்.

அதற்கு வழியும் இருந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது எங்கள் வழக்கம். ஏழாம் மாதம் பெற்றவள் கட்டுச்சோறு ஆக்கி எடுத்துக்கொண்டு வருவாள். லயத்துக்கே சோறு போட்டுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போவாள். அம்மா இருந்தது வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே உள்ள தோட்டத்தில். பக்கம்தான் என்றாலும் தீபாவளிக்குப் பிறகு நான் அவரைப் பார்த்திருக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக நான் துணிமணியைக்கூட மூட்டை கட்டி வைத்துவிட்டேன். அத்தை லயம் முழுக்கச் சொல்லி, பக்கத்து வீடுகளில் பாய் வாங்கி விரித்திருந்தார்.

அப்பா வந்தார். தலையில் கூடையோடு சின்னம்மா வந்தார். அவர்களுக்குப் பின்னால் பாதை காலியாக இருந்தது. திருப்பத்தில் பின்தங்கி வருவாராக்கும் என்று நான் எட்டி எட்டிப் பார்த்தேன்.

"அம்மா எங்கப்பா?"

"அவளுக்கு ஒடம்புக்கு முடியலம்மா," என்றார் அப்பா. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. தன் செருப்பைப் பார்த்துச் சொன்னார்.

கூடையைத் திறந்தார்கள். புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தயிர்ச்சோறு. ஒரு வாய் வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. புளிச்சோற்றில் அந்த அளவுக்குப் பெருங்காயம் போடுவது எங்கள் அம்மா ஒருத்திதான். அத்தையும் ஒரு கவளம் வாயில் போட்டார். அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை.

"சம்பந்தியம்மா கைப்பக்குவமால்ல இருக்கு? ஒடம்புக்கு முடியாதவங்க இத்தன சோத்த எப்படிங்க ஆக்குனாங்க? ஆக்கத் தெரிஞ்சவங்களுக்கு இங்குட்டு வர மட்டும் முடியலையா? எங்க வாசப்படி அவ்வளவு கேவலமாப் போச்சா?"

பந்தியில் இருந்த பெண்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள். "பெத்தவ வந்து கூப்பிட்டாத்தான் புள்ளைய அனுப்புவேன்," என்று அத்தை முடித்துவிட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மா என்னை இப்படிச் சபையில் விட்டுவிட்டாரே என்று ஆத்திரமாகவும் இருந்தது.

சின்னம்மாதான் எழுந்து அத்தையின் கையைப் பிடித்துப் பீலிப் பக்கம் கூட்டிப் போனார். என்னவோ காதில் சொன்னார். அத்தை முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பீலியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளுக்கும் அது கேட்டுவிட்டது. அவள் மூலமாக அது லயத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கடைசியாகத்தான் எனக்கு வந்தது. பக்கத்து வீட்டுக்காரி என் கன்னத்தைக் கிள்ளி, "ஏன்டி, ஒங்கம்மாவுக்கு அஞ்சு மாசமாமே? ரெண்டு தொட்டில் கட்டணும்!" என்றாள்.

பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்று இருந்தது. அம்மாவா? மகள் மாசமாக இருக்கும்போதா? அம்மாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருந்தால் அதிகம். இன்றைக்கு நினைத்துப் பார்த்தால் அது ஒரு வயதா? ஆனால் அன்றைக்கு, மகளைக் கட்டிக் கொடுத்த பிறகு ஒருத்தி பிள்ளை உண்டானால் அவள் சம்பந்தி வீட்டு வாசலை மிதிக்க முடியாது. மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க முடியாது. அதனால்தான் விடியும் முன்னே எழுந்து எல்லாச் சோற்றையும் ஆக்கிக் கட்டிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டார். அது எனக்குப் புரிந்தது. புரிந்தும் என் முகம் எரிந்தது. என் வயிற்றுக்காகப் பட்ட வெட்கம் போதாது என்று அம்மாவின் வயிற்றுக்காகவும் படவேண்டி வந்ததே என்று அவர் மேல் கோபப்பட்டேன்.

அத்தைக்கு இப்போது கோபம் போய்விட்டது. ஆனால் என்னை அனுப்பும் பேச்சும் போய்விட்டது. இரண்டு வயிற்றுக்காரிகள் ஒரே கூரையின் கீழ் இருக்கக்கூடாது, ஒன்றுக்கொன்று ஆகாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. "இங்கேயே பாத்துக்குவோம்," என்றார். கட்டி வைத்த துணிமூட்டையை நான் அவிழ்த்தேன். அப்பா காலிக் கூடையைத் தானே தூக்கிக்கொண்டு சின்னம்மாவோடு இறங்கிப் போனார். மாமனார் பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடப் போய் வந்தது மட்டும்தான் அன்றைக்கு நடந்த மரியாதை.

அதற்குப் பிறகு ஒன்பதாம் மாதத்தில் ஒரு விடியலில், ஆட்களை வேலைக்கு எழுப்பத் தப்பு அடிக்கும் நேரத்தில் எனக்கு வலி கண்டது. மருத்துவச்சி வந்து பார்த்து, "தலப்புள்ள, மெதுவாத்தான் வரும்," என்றுவிட்டு அடுப்புப் பக்கம் உட்கார்ந்துகொண்டார். எனக்கு எதிர் லயத்துப் பெண்ணின் முகமே கண்ணுக்குள் நின்றது. வெட்கம், கோபம் எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. அம்மா, அம்மா என்று கத்தினேன். அத்தையால் கேட்கச் சகிக்கவில்லை. டவுன் கடைக்கார முஸ்லிம் நானாவின் லொறி சாமான் ஏற்ற வட்டகொடை ஸ்டேஷனுக்குப் போகும் நாள் அது. என் வீட்டுக்காரர் ஓடிப் போய் அதை மறித்துச் செய்தி சொல்லி அனுப்பினார். ஆனால் அம்மா வருவார் என்று யாரும் நினைக்கவில்லை. ஐந்து மாதத்தில் வராதவர் ஏழு மாதத்தில் எப்படி வருவார்?

மத்தியானக் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் லொறி திரும்பி வந்தது. கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்து முன்னால்தான் அது நிற்கும். தோட்டத்து ஆள் முழுக்கக் கூடையோடு அங்கே வரிசையில் நிற்கும் நேரம். நல்ல வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அம்மா முன் சீட்டிலிருந்து இறங்கினாராம். கம்பளி எதை மறைக்கும்? அன்றைக்குப் பெரட்டில் கேலி செய்த அதே கவ்வாத்துக்காரன்தான் ஓடிப் போய்க் கை கொடுத்தானாம். ஒருத்தரும் சிரிக்கவில்லையாம். நானா மட்டும், "மகளுக்கு வலி எண்டு மட்டுந்தான் சொன்னேன். ஒரு பேச்சு பேசல்ல, ஏறி உக்காந்துட்டாங்க," என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அத்தை வாசலிலேயே நின்றார். கூரையும் வயிறும் பற்றிய நம்பிக்கை அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் வழியை விட்டு விலகி, "உள்ள வாங்க சம்பந்தி," என்றார்.

அம்மா எனக்குப் பின்னால் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கால்களை விரித்து, என்னைத் தன் மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். பிள்ளை பிறக்கும்வரை அந்தப் பிடி தளரவில்லை. ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் என் முதுகில் ஏதோ இடித்தது. முதலில் புரியவில்லை. மறுபடியும் இடித்தது. அம்மாவின் வயிற்றுக்குள்ளிருந்து என் தம்பியோ தங்கையோ உதைக்கிறது. அம்மாவுக்கும் அது தெரிந்தது. "ஒன்னயும் இப்படி அசிங்கப்படுத்திட்டேனே தாயி," என்று என் காதருகே மெதுவாகச் சொன்னார். நான் பதில் சொல்வதற்குள் அடுத்த வலி வந்துவிட்டது. அவர் கையைக் கடித்துவிட்டேன்.

பெண் பிள்ளை. அம்மா கொண்டுவந்த மூட்டையில் அவருடைய பழைய சேலைகள் எல்லாம் கிழித்துத் துவைத்து மடித்து இருந்தன. தனக்குப் பிறக்கப் போவதற்கு ஒன்றாவது வைத்திருக்கிறாரா என்று நான் கேட்டேன். "மாவுச் சாக்கு கெடக்குடி, அது போதும்," என்றார்.

வெளியே என் வீட்டுக்காரரின் குரல் கேட்டது. பிள்ளையைப் பார்க்க வரலாமா என்று அத்தையிடம் கேட்டார். அவ்வளவு பேர் முன்னால் லொறியிலிருந்து இறங்கிய என் அம்மா அப்போதுதான் பதறிப்போனார். கம்பளியைத் தேடினார். அது என் காலடியில் நனைந்து கிடந்தது. எழுந்து போகவும் இடமில்லை, ஒரே காம்பரா.

"மாப்புள வர்றாருடி," என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

நான் பிள்ளையைத் தூக்கி அம்மாவின் மடியில், வயிற்றோடு ஒட்டி வைத்தேன். பழைய சேலைத் துண்டை இழுத்து இரண்டையும் சேர்த்து மூடினேன். அம்மாவின் வயிறு மறைந்துவிட்டது. அதன் பிறகு என் வீட்டுக்காரரை உள்ளே வரச் சொன்னேன்.