நாய் கடித்ததாகச் சொன்ன ஊசி

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம். அக்காவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். வைத்தியத்துக்காக எங்கள் வீட்டில்தான் இருந்தாள். தஞ்சாவூரில் அவளைப் பார்த்த டாக்டரம்மா ஒருநாள் என்னிடம் சொன்னார்.

"இது வைரஸால வர்றது தம்பி. ஆம்பளைங்க மூலமாவும் பரவும். நீங்களும் எச்.பி.வி. தடுப்பூசி போட்டுக்கங்க."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அது பெண்பிள்ளைகளுக்கான ஊசி என்றுதான் நினைத்திருந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் ஒருவன் அதைப் போட்டுக்கொண்டால், கண்ட இடத்துக்கும் போய்வந்தவன் என்று எங்கள் ஊர் பாபநாசமே பேசும். அதனால் தெரிந்த முகமே இல்லாத பட்டுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்தால், எதிரே வருங்கால மாமனார். தேங்காய் வியாபாரியைப் பார்க்க வந்தாராம்.

"என்ன மாப்ள, கையில பஞ்சு?"

"கால்ல நாய் கடிச்சிருச்சு மாமா."

பேன்ட் போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்க வேண்டும் என்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். மறுநாள் காலையிலேயே போன் வந்தது. "நாய் உசுரோட இருக்கா மாப்ள?" தினமும் அதே கேள்வி. "நல்லா சாப்பிடுது மாமா" என்று இல்லாத நாயை நானும் வளர்த்தேன். ஐந்தாம் நாள் அவர் மகளே பேசினாள். எனக்காக விரதம் இருப்பதாகச் சொல்லி அழுதாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஊசியைப் பற்றிச் சொன்னேன். அக்காவைப் பற்றியும் சொன்னேன். பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வந்த அன்று, காய்ச்சல் என்று சொல்லி அக்காவை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தியது நான்தான். என்ன நோய் என்று தெரிந்தால் சம்பந்தம் கலைந்துவிடும் என்ற பயம்.

போனில் அழுகை நின்றது.

"ஊசி போட்டது நல்லதுதாங்க. அக்காவ ஏங்க மறைச்சீங்க?"

கல்யாணம் நின்றுவிடும் என்றே நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் வந்தார்கள். மாமனார் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் நேராக உள்ளறைக்குப் போனாள். கட்டிலில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப வலிச்சுதா அண்ணி?"

அக்கா உடைந்து அழுதாள். இத்தனை மாதத்தில் எங்கள் வீட்டில் ஒருவர்கூட அவளிடம் அதைக் கேட்டதில்லை.