சுவருக்கு அந்தப்புறம் இருந்த டிரையர்

காலடிப்பேட்டையில், ஆஸ்பத்திரித் துணிகளை மொத்தமாக வெளுத்துக் கொடுக்கும் லாண்டரி ஒன்றில் ஜஸீமா ஒன்பது வருடம் வேலை பார்த்தாள். அவளுடையது ரோலர் இஸ்திரி. சூடான உருளைக்கடியில் ஈரப் படுக்கை விரிப்பை நுழைத்தால் மறுபக்கம் மொடமொடவென்று வெளியே வரும். கொஞ்சம் கவனம் பிசகினால் கை வெந்துவிடும். அவள் கையில் ஒரு தழும்புகூடக் கிடையாது. அதில் அவளுக்குக் கர்வம் உண்டு.

சுவருக்கு அந்தப்புறம் துணி உலர்த்தும் டிரையர் இருந்தது. ஆள் நுழையும் அளவு டிரம். அதைப் பார்த்துக்கொண்ட பொன்ராஜ் கடல் வேலை ஒத்துக்கொள்ளாமல் கரைக்கு வந்தவன். வீட்டில் மீன் வறுத்தால் ஜஸீமாவுக்கும் ஒரு துண்டு கொண்டுவருவான்.

இரண்டு மெஷினுக்கும் சேர்த்து ஒரே மெயின் சுவிட்ச். அது இஸ்திரிப் பக்கம் இருந்தது. ஒவ்வொரு மெஷினுக்கும் தனி சுவிட்ச் வேண்டும், அது மெஷின் பக்கத்திலேயே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும், ஆஃப் செய்தால் பூட்டுப் போட வசதி வேண்டும் என்று வயரிங் செய்தவர் அப்போதே சொல்லியிருந்தார். முதலாளி தண்டபாணி, "மொதல்ல மெஷின் ஓடட்டும், அப்பாலிக்கா பாத்துக்கலாம்" என்றார். பிறகு யாரும் பார்க்கவில்லை. டிரையரின் பட்டன் கெட்டபோதுகூட மாற்றாமல் நேராகக் கரண்ட் கொடுத்துவிட்டார்கள். மெயினைப் போட்டால் டிரம் சுற்றும், அவ்வளவுதான்.

போன ஆவணி மாதம், ஒரு மத்தியானம். டிரம்மின் இடுக்கில் விரிப்பு ஒன்று மாட்டிக்கொண்டது. பொன்ராஜ் வந்து மெயினை அணைத்தான். "அக்கா, போட்ராத!" என்று கத்திவிட்டு, விரிப்பை இழுக்க டிரம்முக்குள் கைவிடப் போனான். ஜஸீமா அடுத்த மூட்டையை இழுத்துவர வாசல் பக்கம் போயிருந்தாள். லாரி இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது ரோலர் நின்றிருந்தது. அடியில் சிக்கிய துணியிலிருந்து புகை வந்தது. அந்த மெயின் அடிக்கடி தானாகவே விழும், இப்போதும் அப்படித்தான் என்று நினைத்தாள். ஓடிப்போய் சுவிட்சைத் தூக்கிவிட்டாள்.

சுவருக்கு அந்தப்புறமிருந்து கேட்ட அலறல் இன்னதென்று புரியவே அவளுக்குச் சில நொடிகள் ஆயின. மறுபடி அணைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பொன்ராஜின் வலது கையைத் தோளுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் தண்டபாணி அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்ஸ்பெக்டர் வருவாங்க. அவன் மெயின ஆஃப் பண்ணவே இல்லனு சொல்லிடு. ஓடுற மெஷின்ல கைய வுட்டான், அவ்ளோதான். உம்பேரே வராது, இன்னா?"

அன்று முழுக்க ஜஸீமா சாப்பிடவில்லை. விசாரணைக்கு வந்த பெண் அதிகாரி எதிரில் உட்கார்ந்ததும் அவளே பேச்சைத் தொடங்கினாள்.

"அவரு ஆஃப் பண்ணாரு மேடம். நாந்தான் போட்டேன். துணி கருகுதேன்னு போட்டேன்."

"நீங்க நின்ன எடத்துலேர்ந்து டிரையர் தெரியுமா?"

"தெரியாது மேடம். நடுவுல செவுரு கீது."

அதிகாரி எழுதிக்கொண்டார். தப்பு பொன்ராஜ் மேல் இல்லை என்றாயிற்று, நஷ்டஈடும் கிடைத்தது. முதலாளி மேல் வழக்கு. பத்தே நாளில் ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் சிவப்புப் பிடி வைத்த சுவிட்சும் பூட்டும் வந்தன. ஜஸீமாவை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள்.

ஒருமுறை ஆப்பிள் வாங்கிக்கொண்டு பொன்ராஜைப் பார்க்கப் போனாள். அவன் மனைவி மோகனப்ரியா வாசலிலேயே நின்றாள்.

"நீ உண்மைய சொன்னது தெரியும்க்கா. அது இல்லன்னா எங்களுக்கு ஒண்ணும் கெடச்சிருக்காது. ஆனா இந்த வூட்டுக்கு வராத. நீ வந்தன்னு கேட்டாலே ராத்திரியெல்லாம் தூக்கத்துல கத்துவாரு."

உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ சத்தத்தைக் கூட்டினார்கள். பையை நீட்டினாள், மோகனப்ரியா வாங்கவில்லை. ஜஸீமா அதோடு பஸ் ஏறினாள்.

இப்போது காசிமேட்டில் இறால் உரிக்கிறாள். லாண்டரியை ஏன் விட்டாய் என்று யாராவது கேட்டால், "ஒத்துக்கல" என்று மட்டும் சொல்கிறாள். பொன்ராஜை அதன்பிறகு அவள் பார்க்கவேயில்லை.